அலகு கேட்கும் நம்மவர்களுக்கு

கரையோர மாவட்டம், தென்கிழக்கு அலகு, முஸ்லிம் மாகாணம் என்று பல பெயர்களில் ஒரே கோரிக்கையைச் சுமந்துவரும் கட்சிக்காரர்கள், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினர், சட்டத்தரணிகள், பல்கலைக்கழக மாணவர்கள் எல்லோருக்கும்,



தேர்தல் காலம் வந்தால் நம் கரையில் ஒரு வரைபடம் விரிக்கப்படும். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய மூன்று தேர்தல் தொகுதிகளுக்கும் அதில் ஒரே நிறம் தீட்டப்பட்டிருக்கும். அந்த வரைபடத்தை மறுப்பதற்காக நான் எழுதவில்லை. மட்டக்களப்பின் தென்பகுதியைப் பிரித்து 1961இல் அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்டது முதல், கரையில் வாழும் தமிழ்பேசும் மக்கள் கச்சேரி வேலைக்கு உள்நாட்டு நகரம் ஒன்றுக்குப் போய், பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும் நிர்வாகத்தின் முன் நிற்கவேண்டியிருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்களில் முஸ்லிம்கள் 43 வீதத்துக்கும் அதிகம். தமிழரையும் சேர்த்தால் பத்துப் பேரில் ஆறு பேர் தமிழ்பேசுவோர். முறைப்பாடு நியாயமானது. என் கேள்வி வேறு. கோடு போட்ட பிறகு அதற்குள் சட்டம் ஆக்குவது யார், நிர்வகிப்பது யார், நிர்வாகம் தவறினால் முறையிடப் போகும் நீதிமன்றம் எது? இந்த மூன்றும் எதனால் நிறுவப்படும், அவற்றை முடக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கும்? ஏறத்தாழ 40 ஆண்டுகளாக எல்லையைப் பற்றி மேடை மேடையாகப் பேசிய நாம் இவற்றைப் பற்றிப் பேசியது மிகச் சொற்பம். நம் கோரிக்கையின் வரிசை மாறவேண்டும் என்பதே என் வாதம். சபை, நிர்வாகம், நீதிமன்றம் ஆகிய மூன்றுக்கும் உறுதி கேட்பது முதலில் வரட்டும். கோடு அதன் பிறகு வரட்டும்.

நம் நாட்டில் எல்லைகள் வரையப்படும் வேகத்திலேயே அழிக்கப்படவும் செய்கின்றன. 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன ஒரு பிரகடனத்தால் வடக்கையும் கிழக்கையும் இணைத்தார். ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் ஓய்ந்தால்தான் இணைக்கலாம் என்று மாகாண சபைகள் சட்டம் நிபந்தனை போட்டிருந்தது. நிபந்தனை நிறைவேறவில்லை, அவசரகால ஒழுங்குவிதி ஒன்றால் அது தளர்த்தப்பட்டது. கிழக்கு மக்களிடம் கேட்பதாகச் சொன்ன சர்வசன வாக்கெடுப்பு ஆண்டுக்காண்டு தள்ளிப்போய் நடக்காமலே போனது. 2006 ஒக்டோபர் 16இல் அந்த இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 ஆண்டுகள் நின்ற மாகாணம் ஒரு தீர்ப்போடு இரண்டாயிற்று. நம்மில் பலர் அன்று ஆறுதலடைந்தோம், அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் பிரகடனத்தால் பிறந்த அலகு எவ்வளவு பலவீனமானது என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை நாம் நமக்கான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிடச் சிறிய, அதைவிட அண்மையான உதாரணம் சாய்ந்தமருது. 1987க்கு முன்பு கரவாகுப் பகுதியில் தனித்தனிச் சபைகள் இருந்த நினைவோடு அந்த ஊரார் கேட்டுவந்த நகர சபை 2020 பெப்ரவரி நடுவில் வர்த்தமானியில் வந்தது. ஒரு வாரத்துக்குள் அது நிறுத்தப்பட்டது. ஒரு அமைச்சரின் கையெழுத்தால் வந்ததை அமைச்சரவைக் கூட்டம் ஒன்று எடுத்துக்கொண்டது. அந்த ஊரில் ஒரு வட்டாரத்தின் எல்லைகூட மாறாமலே ஒரு உள்ளூராட்சி சபை பிறந்து இறந்தது.

ஆகவே கருவியைப் பார்க்கவேண்டும். மாகாண சபைகளை நிறுவிய கருவி பிரகடனத்தைவிட மேலானது, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம். 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜயவர்தனவும் அதற்கு வழிவகுத்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது முஸ்லிம்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அந்த மனக்குறையைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. திருத்தத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம் சொன்னதை யாரும் அவ்வளவாகப் படிக்கவில்லை. ஒன்பது நீதியரசர்கள் ஐந்துக்கு நான்காகப் பிரிந்த அந்த விசாரணையில், திருத்தத்துக்குச் சர்வசன வாக்கெடுப்பு தேவையில்லை என்று பிரதம நீதியரசர் சர்வானந்தாவின் தரப்பு சொல்லக் காரணம், மாகாண சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை, ஒற்றையாட்சிக்கு அவற்றால் பங்கமில்லை என்பதுதான். கீழ்ப்பட்டது என்ற காரணத்துக்காகவே அந்தச் சபை பிறக்க அனுமதி கிடைத்தது. அதற்கு நியதிச் சட்டம் ஆக்கும் அதிகாரம் உண்டு, மாகாண நிரலில் உள்ள விடயங்களுக்கு மட்டும். பாராளுமன்றம் அந்த நிரலிலேயே கைவைக்க விரும்பினால் ஒவ்வொரு மாகாண சபையின் கருத்தையும் கேட்கவேண்டும். ஒரு சபையாவது இணங்காவிட்டால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். இந்த ஒரு பூட்டுத்தான் சபைக்குக் கிடைத்த உண்மையான பாதுகாப்பு. அந்தப் பூட்டைக் கையில் வைத்திருந்தபோது நம் பிரதிநிதிகள் என்ன செய்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சபை. கிழக்கு மாகாணத்துக்கென்று தனியாக நடந்த முதல் தேர்தல் 2008 மே 10இல், 37 ஆசனங்கள். அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, வென்ற கட்சிக்கு மேலதிகமாக 2. இரண்டாவது தேர்தல் 2012 செப்டெம்பரில். அந்தச் சபையின் ஐந்தாண்டு 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அன்று முதல் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிழக்கில் சபை இல்லை. யாரும் அதைச் சதிப்புரட்சியால் கலைக்கவில்லை. வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 வீதம் ஒதுக்கும் நோக்கோடு வந்த ஒரு சட்டமூலம், 2017 செப்டெம்பரில் பாராளுமன்றக் குழுநிலையில் ஒரே நாளில் உருமாறி, தேர்தல் முறையையே கலப்பு முறையாக்கியது. கலப்பு முறைக்குத் தொகுதிகள் வேண்டும், தொகுதிகளுக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். நிர்ணயக் குழுவின் அறிக்கை வந்தது. 2018 ஓகஸ்ட் 24இல் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. மீளாய்வுக்கு அமைத்த குழு இரண்டு மாதத்துக்குள் அறிக்கை தரவேண்டும், தரவில்லை. அந்த அறிக்கை இல்லாமல் ஜனாதிபதி எல்லைகளைப் பிரசுரிக்க முடியாது என்று 2019இல் உயர் நீதிமன்றமும் அபிப்பிராயம் சொன்னது. பழைய முறை ரத்து, புதிய முறை பாதியில். கலைந்த சபைக்குப் பதிலாக இத்தனை நாளுக்குள் புதிய சபை கூடியே தீரவேண்டும் என்று 13ஆம் திருத்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கண்ணாமூச்சிக்கு இடமே இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால், அரசியலமைப்பால் நிறுவப்பட்ட சபை சாதாரண சட்டம் ஒன்றின் குறையால் ஒன்பது மாகாணங்களிலும் காணாமல் போனது. நாளை நமக்கென்று தென்கிழக்குச் சபை ஒன்று கிடைத்து, அதன் தேர்தல் சட்டமும் இதே கைகளில் இருந்தால், அதுவும் இதே வழியில்தான் போகும்.

சபை இல்லாமல் இருப்பதால் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்போருக்கு 2012இன் திவிநெகும சட்டமூலத்தை நினைவுபடுத்துகிறேன். மாகாணங்களுக்குரிய கிராமிய அபிவிருத்தி, வறுமை ஒழிப்பு வேலைகளைக் கொழும்பின் ஒரு திணைக்களத்துக்குள் இழுத்துக்கொள்ளும் சட்டமூலம் அது. எல்லா மாகாண சபைகளிடமும் கேட்டாகவேண்டும் என்றது உயர் நீதிமன்றம். வடக்கில் அப்போது சபை இல்லை. ஆளுநர் சம்மதம் கொடுத்தார். ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதமாகாது, ஆகவே மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று நீதிமன்றம் மறுபடி சொன்னது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் இடத்தில் ஆளுநர் நிற்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்த வேளையில், கூடியிருந்த நம் கிழக்கு மாகாண சபையோ 2012 ஒக்டோபரில் அதே சட்டமூலத்துக்கு இணக்கம் தெரிவித்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, தன் ஆயுள் முடிய மூன்று வாரங்கூட இல்லாத நிலையில், மாகாண சபைத் தேர்தல்களின் காலத்தைப் பாராளுமன்றத்திடம் ஒப்படைக்கும் 20ஆம் திருத்த வரைவுக்கும் அதே சபை ஆதரவளித்தது. இரண்டு முறையும் நம் கட்சிகள் ஆளும் தரப்பில் இருந்தன. முதலமைச்சர் நாற்காலி யாருக்கு, எத்தனை மாதத்துக்கு என்பதில் காட்டிய கண்டிப்பில் பாதியைச் சபையின் பூட்டைக் காப்பதில் காட்டியிருந்தால் கதை மாறியிருக்கும். அதிகாரம் பறிபோயிற்று என்று கொழும்பை நோக்கி மட்டும் விரல் நீட்டுவது பாதி உண்மை.

அடுத்தது நிர்வாகம். முதலமைச்சரும் நான்குக்கு மேற்படாத அமைச்சர்களும் கொண்ட வாரியம் ஒன்று உண்டு. ஆனால் மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம். வாரியம் அவருக்கு ஆலோசனை சொல்லும். ஆளுநரை ஜனாதிபதி நியமிப்பார், ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரை அவர் பதவியில் இருப்பார். மாகாண அரச சேவையின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று அதிகாரம் ஆளுநருடையது. அதை அவர் ஒப்படைக்கக்கூடிய சேவை ஆணைக்குழுவையும் அவரே நியமிப்பார். நிதி சம்பந்தப்பட்ட நியதிச் சட்டத்தை அவர் சிபாரிசு இல்லாமல் சபையில் கொண்டுவரவே முடியாது. ஒரு ஆசிரியரை இடம் மாற்றுவதற்கும் ஆளுநர் செயலகத்தைப் பார்த்து நிற்கும் முதலமைச்சர் எப்படிப்பட்ட முதலமைச்சர்? நம்மவர் ஒருவர் ஆளுநரானால் இந்தக் குறை தீரும் என்று நினைப்போரும் உண்டு. 2019 ஜனவரியில் ஹிஸ்புல்லாஹ் கிழக்கின் ஆளுநரானார். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் எழுந்த நெருக்குதலில் ஜூன் தொடக்கத்தில் பதவி விலகினார். அந்த நாற்காலியின் ஆயுள் மாகாணத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குப் பின்லாந்தின் ஓலாந்து தீவுகள் சாட்சி. 1922 முதல் தனிச் சபையோடு இயங்கும் அந்தச் சிறு தீவுக்கூட்டத்துக்கும் மத்திய அரசின் ஆளுநர் உண்டு. ஆனால் தீவுச் சபையின் சபாநாயகரோடு உடன்பட்டுத்தான் பின்லாந்து ஜனாதிபதி அவரை நியமிக்கலாம். உடன்பாடு இல்லாவிட்டால் சபை தரும் ஐவரில் ஒருவரைத் தெரிவு செய்யவேண்டும். ஒற்றையாட்சியைக் கைவிடாத நாடுதான் பின்லாந்தும்.

இங்கே நம் மேடைகளின் பிரியமான உதாரணத்துக்கு வருகிறேன். நிலத்தொடர்பில்லாத முஸ்லிம் பகுதிகளை ஓர் அலகாக இணைக்க முடியுமா என்று கேட்கும்போதெல்லாம் நாம் புதுச்சேரியைச் சுட்டுகிறோம். சரியான உதாரணம்தான். தமிழ்க் கரையில் புதுச்சேரியும் காரைக்காலும், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்தில் ஏனாம். நான்கும் ஒரே ஆட்சிப் பரப்பு. 1962இல் இந்திய அரசியலமைப்பைத் திருத்தி, 1963இல் தனிச் சட்டம் இயற்றி, அங்கே சட்டசபையும் அமைச்சரவையும் நிறுவினார்கள். நீதிக்கு அவர்கள் சென்னை மேல் நீதிமன்றத்தின் கீழ் வருகிறார்கள். வரைபடத்தோடு நாம் படிப்பை நிறுத்திவிட்டோம். உள்ளே நடப்பதைப் பார்க்கவில்லை. அந்தச் சட்டசபையில் மக்கள் தெரிவு செய்யும் 30 பேரோடு மத்திய அரசு 3 பேரை நியமிக்கலாம். அங்குள்ள அமைச்சரவையைக் கேட்காமலே அப்படி மூவரை நியமித்தது செல்லும் என்று 2018 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பெப்ரவரியில் முதலமைச்சர் நாராயணசாமியின் அரசு நம்பிக்கை கோரிய நாளில் சபையின் பலம் இப்படி இருந்தது: அரசுக்குச் சபாநாயகர் உட்பட 12, எதிரணிக்கு 14. அந்த 14இல் 3 பேர் வாக்காளர் எவரும் தெரிவு செய்யாதவர்கள். அரசு விழுந்தது. துணைநிலை ஆளுநர் அன்றாட நிர்வாகத்தில் தலையிடலாமா என்ற வழக்கில் சென்னை நீதிமன்றத்தின் தனி நீதியரசர் ஒருவிதமாகவும், மேன்முறையீட்டில் இரு நீதியரசர் அமர்வு வேறுவிதமாகவும் சொன்னார்கள். துண்டு துண்டான நிலங்களை ஓர் ஆட்சியாக்கலாம் என்று புதுச்சேரி நிரூபித்தது உண்மை. ஆட்சியாக்கிய பிறகும் அது யாருடைய ஆட்சி என்ற கேள்வி 60 ஆண்டுகளாக அங்கே தீரவில்லை என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து மேடையில் காட்டுகிறோம்.

மூன்றாவது நீதிமன்றம். இதைப் பற்றித்தான் நம் ஆவணங்களில் மிகக் குறைவு. 2003 ஜனவரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் எழுந்த ஒலுவில் பிரகடனத்திலிருந்து இன்றைய துண்டுப்பிரசுரம் வரை சுயாட்சி உண்டு, நிலம் உண்டு. மாகாண நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உரிய இடம் இல்லை. 13ஆம் திருத்தம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு மேல் நீதிமன்றத்தை நிறுவியது. குற்ற வழக்கு, நீதவான் நீதிமன்றத்திலிருந்து வரும் மேன்முறையீடு, மாகாணத்துக்குள் தடுத்து வைக்கப்பட்டவருக்கான ஆட்கொணர்வு மனு எல்லாம் அதன் அதிகாரத்துக்குள். எல்லாவற்றிலும் பெரியது எழுத்தாணை அதிகாரம். மாகாண நிரலில் உள்ள விடயத்தில் ஒரு அதிகாரி சட்டத்தை மீறினால் அவர் உத்தரவை ரத்து செய்யவும், செய்யவேண்டிய கடமையைச் செய்யுமாறு கட்டளையிடவும் அந்த நீதிமன்றத்தால் முடியும். அதற்கு முன் எழுத்தாணைக்கெல்லாம் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். மாகாண மேல் நீதிமன்றம் கல்முனையிலும் இருக்கிறது. நிந்தவூர் விவசாயியோ மருதமுனை நெசவாளியோ கொழும்புக்கு பஸ் ஏறாமல் அரச அதிகாரியைக் கேள்வி கேட்கலாம் என்பது 1987 நமக்குத் தந்தவற்றுள் மிகப் பயனுள்ளது என்பது என் கணிப்பு. அரசியல்வாதிகளுக்கு அதில் நாற்காலி இல்லை என்பதாலோ என்னவோ, அது மேடையேறவில்லை.

அந்த அதிகாரமும் சுருங்கிவிட்டது. 2013 செப்டெம்பர் 26இல், அரச காணியிலிருந்து வெளியேறச் சொல்லும் அறிவித்தலைக் கண்டி மேல் நீதிமன்றம் எழுத்தாணையால் ஆராய முடியுமா என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் முடியாது என்றது. அரச காணி மத்திய அரசுக்குரியதாகவே இருக்கிறது, மாகாணத்துக்குக் கிடைப்பது அதைப் பயன்படுத்தும் அதிகாரத்தின் ஒரு பகுதி மட்டுமே என்பது தீர்ப்பின் சாரம். ஒரு வழக்கில் இரண்டு இழப்பு: காணி அதிகாரமும் சுருங்கியது, காணிக்காக முறையிடும் உள்ளூர் வாசலும் மூடியது. அம்பாறைக் கரைக்கு இதன் பொருள் என்னவென்று நுரைச்சோலையைப் பார்த்தால் தெரியும். சுனாமிக்குப் பின் சவூதி அரேபிய உதவியில் அக்கரைப்பற்றுக்கு அருகே கட்டப்பட்ட 500 வீடுகள். பகிர்ந்தளிப்பு எந்த அடிப்படையில் என்ற வழக்கு உயர் நீதிமன்றம் போய் 2009இல் பகிர்வு நின்றது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் பற்றை மண்டிக் கிடந்தன. அந்தத் தீர்ப்பு சரியா பிழையா என்று இங்கே வாதிட வரவில்லை. காணி, வீடு, பயனாளிப் பட்டியல் மூன்றையும் பற்றித் தீர்மானிக்கும் சபையோ, பொறுப்பேற்கும் நிர்வாகமோ, முதற்கட்டத்திலேயே கேட்டுத் தீர்க்கும் நீதிமன்றமோ கரையில் இல்லாததால், ஒரு பிரதேச விவகாரம் நேராக நாட்டின் உச்சிக்குப் போய் இனங்களுக்கிடையிலான வழக்காக மாறியது என்பதையே சொல்கிறேன்.

இதற்கு ஒரு தீவிரமான மறுப்பு உண்டு. நீதி பிரதேசமயமானால் பக்கச்சார்பும் பிரதேசமயமாகும். ஊர்ப் பெரிய மனிதரின் செல்வாக்கு எட்டாத தூரத்தில் நீதிபதி இருப்பதே சிறுபான்மைக்குப் பாதுகாப்பு என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. மேல் நீதிமன்ற நீதிபதிகளைப் பிரதம நீதியரசர் மாகாணங்களுக்குப் பெயர் குறிப்பது, மாகாண அமைச்சருக்கு அதில் கை இல்லாதது, இரண்டும் அப்படியே தொடரவேண்டும். நான் கேட்பது நீதிபதியை நியமிக்கும் உரிமையை அல்ல. நீதிமன்றத்தின் அதிகாரப் பரப்பை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வெளிநாடு போகத் தேவையில்லை, நம் காதி நீதிமன்றங்களே போதும். 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் நமக்கென்று நீதிபதிகள் இருக்கிறார்கள். நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கிறது. காதியாக ஆண்தான் வரலாம், வழக்காளிக்குச் சட்டத்தரணி நிற்க முடியாது, மேன்முறையீட்டுக் காதிகள் சபை கொழும்பில். நம்முடைய நீதிமன்றம் என்பதால் மட்டும் அது நம் பெண்களுக்கு நீதி வழங்கிவிடவில்லை என்பதை அவர்களே பத்திரிகையிலும் பாராளுமன்றக் குழுக்களின் முன்னும் சொல்லிவிட்டார்கள். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009இல் அமைந்து 2018இல் அறிக்கை கொடுத்தது. சீர்திருத்தம் இன்னும் இழுபடுகிறது, இழுப்பதில் நம் பங்கு கொஞ்சமில்லை. சுயாட்சி கேட்கும் சமூகத்தை வெளியார் எடைபோடும்போது முதலில் பார்ப்பது அதன் கையில் ஏற்கனவே இருக்கும் நீதிமன்றத்தைத்தான்.

அடுத்த மறுப்பு தமிழர் தரப்பிலிருந்து வருவது: முஸ்லிம் அலகு வந்தால் அதற்குள் நாங்கள் என்ன ஆவோம்? காரைதீவு, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, ஆலையடிவேம்பு, திருக்கோவில் எல்லாம் நம் வரைபடத்தின் நிறத்துக்குள்தான் இருக்கின்றன. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தவர்களின் மனக்கசப்பு இன்னும் தீரவில்லை. அம்பாறைக் கச்சேரியைப் பற்றி நாம் சொல்லும் முறைப்பாட்டின் சொற்களை எடுத்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால், நம்மைப் பற்றி அவர்கள் சொல்லும் முறைப்பாடு கிடைக்கும். அது பிரிவினை என்று நாம் சொன்னால், நம் கோரிக்கையைப் பிரிவினை என்பவர்களுக்கு நம்மிடம் பதில் இருக்காது. பிலிப்பைன்ஸின் பங்சமோரோ இந்தச் சிக்கலை முன்கூட்டியே எதிர்கொண்டது. முஸ்லிம்களுக்கான அந்தச் சுயாட்சிப் பிரதேசத்தின் அடிப்படைச் சட்டம் 2018இல் வந்தது. 80 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் மோரோ அல்லாத பூர்வகுடிகளுக்கும் குடியேறிய சமூகத்தாருக்கும் பெண்களுக்கும் ஆசனங்கள் சட்டத்திலேயே ஒதுக்கப்பட்டன. ஷரீஆ நீதிமன்றங்கள் முஸ்லிம்களுக்கு மட்டும், அவற்றுக்கு மேல் நாட்டின் உச்ச நீதிமன்றம். 2019 சர்வசன வாக்கெடுப்பில் வேண்டாம் என்று வாக்களித்த சூலு மாகாணத்தையும் சேர்த்துக்கொண்டது செல்லாது என்று 2024இல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. விருப்பமில்லாத ஊரை இழுத்து வைத்துக்கொள்ள முடியாது என்ற அந்தத் தீர்ப்பை நம் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அங்கும் குறை உண்டு: 2022இல் நடக்கவேண்டிய முதல் தேர்தல் 2025க்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போய், ஜனாதிபதி நியமித்தவர்களே சபையில் தொடர்ந்தார்கள். சபை கூடும் நாளைச் சட்டத்தில் பூட்டாவிட்டால் எந்த நாட்டிலும் இதுதான் கதி.

நம் ஊர்களின் பழைய வழக்கம் ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் பள்ளிவாசல் நிர்வாகம் குடிக்கு ஒரு மரைக்கார் என்ற முறையில் அமைந்தது. பெரிய குடி தலையெண்ணிக்கையால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. சிறிய குடிக்கும் ஒரு வாய் இருந்தது. பெண்வழிக் குடியின் பேரால் வந்த ஆசனத்தில் பெண்கள் உட்காராதது அதன் பெரிய ஓட்டை. ஆனாலும் எண்ணிக்கை வேறு, பிரதிநிதித்துவம் வேறு என்பதை இந்தக் கரை முன்பே அறிந்திருந்தது. தென்கிழக்குச் சபையின் வரைவை எழுதுகிறவர்கள், தமிழ், சிங்கள உறுப்பினரின் பெரும்பான்மை இணங்காமல் அவர்கள் ஊர்களின் காணியையும் பாடசாலையையும் பற்றிய நியதிச் சட்டம் நிறைவேறாது என்ற ஒரு வாசகத்தை இப்போதே, யாரும் கேட்பதற்கு முன்பே எழுதி வைக்கலாம். 2005இல் சுனாமிப் பொதுக் கட்டமைப்பின் பிராந்தியக் குழுவில் முஸ்லிம்களுக்குப் பத்தில் மூன்று ஆசனம் தந்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மட்டும் அழைக்காததை நாம் எப்படி உணர்ந்தோம் என்பது மறந்திருக்காது.

முதலில் எல்லை கிடைக்கட்டும், மற்றவற்றைப் பிறகு கேட்போம் என்பதே நம்மவரிடம் அதிகம் கேட்கும் பதில். பேரம் பேசத் தெரிந்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நாம் ஏற்கனவே இதைச் செய்து பார்த்தாயிற்று. 2007இல் எல்லை கிடைத்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முஸ்லிம்கள் வாழும், எந்தச் சமூகமும் தனிப் பெரும்பான்மை இல்லாத கிழக்கு மாகாணம் கிடைத்தது. இரண்டு முஸ்லிம் முதலமைச்சர்கள் வந்தார்கள். ஆளுநரின் அதிகாரம் ஓர் அங்குலம் குறையவில்லை, காணி அதிகாரம் சுருங்கியது, கடைசியில் சபையே இல்லை. கிடைத்த எல்லைக்குள் கேட்கவேண்டியதைக் கேட்காதவர்கள், இன்னும் சிறிய எல்லைக்குள் அதிக பலத்தோடு கேட்பார்கள் என்று நம்ப என்னிடம் ஆதாரமில்லை. சிறிய அலகின் பேரம்பேசும் பலமும் சிறியதுதான். மாகாண சபை என்பதே வாகனமும் சம்பளமும் தின்னும் வெள்ளை யானை, அது இல்லாமலே கிழக்கு ஓடவில்லையா என்று சலித்துக்கொள்வோருக்கு ஒரு வார்த்தை: ஓடுகிறது, ஆளுநரின் கையெழுத்தில். வரவுசெலவுத் திட்டம் விவாதமில்லாமல் போகிறது, ஒரு வைத்தியசாலைக்கு ஏன் மருந்து வரவில்லை என்று எழுந்து கேட்க ஒரு உறுப்பினர் இல்லை. செலவு மிச்சமானதா என்பதைக்கூடக் கேட்க ஆளில்லாத சிக்கனம் அது.

இன்று செய்யக்கூடியது ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2017இன் திருத்தத்தை நீக்கி, பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்த வழிசெய்யும் தனிநபர் சட்டமூலத்தைத் தமிழரசுக் கட்சியினர் பாராளுமன்றத்தில் முன்வைத்தார்கள். சிதறி வாழும் நமக்குத் தொகுதி முறையைவிட விகிதாசாரமே பாதுகாப்பு என்று தலைவர் அஷ்ரஃபின் காலம் முதல் சொல்லிவருவது நாம்; அதற்கான சட்டமூலத்தைக் கொண்டுவந்தது அவர்கள். அம்பாறை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போயிருக்கும் நம் உறுப்பினர்கள் அதை வழிமொழியவும், அதோடு இரண்டு திருத்தங்களைச் சேர்க்கக் கோரவும் வேண்டும். ஒன்று, சபையின் காலம் முடிந்து குறித்த நாட்களுக்குள் தேர்தல் நடந்தே ஆகவேண்டும், நடக்காவிட்டால் கடைசியாக நடைமுறையில் இருந்த தேர்தல் முறை தானாகவே உயிர்பெறும். மற்றது, சபை இல்லாத காலத்தில் ஆளுநர் அன்றாடச் செலவைத் தவிர வேறெதற்கும் கையெழுத்திட முடியாது. ஆளுநரின் நியமனமும் மேல் நீதிமன்றத்தின் காணி அதிகாரமும் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டுபவை. அவற்றுக்கான வரைவை எழுதக்கூடிய சட்டத்தரணிகள் கல்முனை நீதிமன்ற வளாகத்திலேயே போதிய அளவு இருக்கிறார்கள். அடுத்த முறை வரைபடத்தோடு உங்களைத் தேடி வரும் வேட்பாளரிடம் அந்த வரைவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், எப்போது தருவீர்கள் என்று திகதி கேளுங்கள்.